நாவல் எழுதி முடித்தாயிற்று: எடிட்டரிடம் எதைக் கேட்டுப் போவது?

நாவலின் கடைசி வரியை எழுதி 'முற்றும்' போட்ட அன்று இரவு தூக்கம் வராது. உடனே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கும். நானும் அப்படித்தான் செய்தேன். தூத்துக்குடி உப்பளங்களை வைத்து எழுதிய என் முதல் நாவலை, முடித்த மூன்றாம் நாளே ஒருவரிடம் 'எடிட்டிங்' செய்யக் கொடுத்தேன். அவர் நாணயமாக வேலை பார்த்தார். 400 பக்கத்திலும் இருந்த ஒற்றுப்பிழைகள் சரியாகி வந்தன. ஆனால் நாவலின் நடுப்பகுதி தொய்ந்து கிடந்தது. கதாநாயகியின் அக்கா எட்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு காணாமல் போயிருந்தாள். அதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் படித்துச் சொன்ன பிறகு 120 பக்கங்களை எடுத்தேன். பணம் கொடுத்து ஒற்றுத் திருத்திய பக்கங்கள் அவை.

தவறு அந்த மனிதருடையது இல்லை. தமிழில் நாம் 'எடிட்டிங்' என்ற ஒரே சொல்லை நாலு வேலைக்குச் சொல்கிறோம். எந்த வேலை நமக்கு இப்போது வேண்டும் என்று தெரியாமல் ஆளைத் தேடினால் யார் கிடைக்கிறாரோ அவருக்குத் தெரிந்த வேலைதான் நடக்கும். முதல் நாவல் எழுதியவர்களின் பணமும் மாதங்களும் பெரும்பாலும் இங்கேதான் கரைகின்றன. அதனால் இந்த வழிகாட்டியை ஆள் தேடுவதில் தொடங்காமல், வேலையைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறேன்.

நாலு வேலைகள்

என் பழைய வரைவிலிருந்தே மூன்று வரி தருகிறேன்:

"மாரி வெள்ளனே அளத்துக்குக் கிளம்பினாள். வெயில் ஏறுவதற்கு முன்பே அவள் அளத்துக்கு போய் சேர்ந்திருந்தாள். கங்காணி அவளை பார்த்து கோபத்துடன் முறைத்தான்."

மெய்ப்புப் பார்ப்பவர் இதை எடுத்தால் 'அளத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்' என்றும், 'அவளைப் பார்த்துக் கோபத்துடன்' என்றும் திருத்துவார். அவர் வேலை அதோடு முடிந்தது. அது சின்ன வேலை இல்லை. 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் நடுவே ஓர் ஒற்றுதான் இருக்கிறது. ஒன்று உத்தியோகம், மற்றது முருகன் கையில் இருப்பது.

செம்மையாக்கம் செய்பவர் வேறு மாதிரிப் பார்ப்பார். முதல் இரண்டு வாக்கியமும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. முறைப்பதிலேயே கோபம் இருக்கிறது, 'கோபத்துடன்' எதற்கு? "வெயில் ஏறுமுன்பே மாரி அளத்தில் நின்றாள். கங்காணி முறைத்தான்" என்று ஆக்கலாமா என்று ஓரத்தில் எழுதிக் கேட்பார்.

கட்டமைப்பைப் பார்க்கிற எடிட்டருக்கு வாக்கியம் இப்போதைக்கு முக்கியமில்லை. "மூன்றாம் அத்தியாயத்தில் இதே கங்காணி மாரிக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்தானே. அதற்கும் இதற்கும் நடுவே என்ன நடந்தது? நேரத்தோடு வந்தவளை ஏன் முறைக்கிறான்?" என்று அவர் கேட்பார். அத்தியாயம் அத்தியாயமாக இப்படிப் போவார்.

நாலாவது, வாசிப்பு அறிக்கை. இந்த மூன்று வரியைப் பற்றி அதில் ஒன்றுமே இருக்காது. நாவலை முழுதாகப் படித்துவிட்டு ஐந்து பக்கமோ பத்துப் பக்கமோ எழுதித் தருவார்கள். எனக்கு வந்த அறிக்கையில் ஒரு வரி இப்படி இருந்தது: "கங்காணி நாவல் முழுக்க முறைத்துக்கொண்டே இருக்கிறான். நூறு பக்கம் தாண்டியதும் அவன்மேல் இருந்த பயம் எனக்குப் போய்விட்டது. பயம் போனதும் மாரிக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பும் போய்விட்டது."

வேலை நடக்க வேண்டிய வரிசை நான் சொன்னதற்கு நேர் தலைகீழ். முதலில் வாசிப்பு அறிக்கை, பிறகு கட்டமைப்பு, பிறகு செம்மையாக்கம், கடைசியில் மெய்ப்பு. இடித்துக் கட்டப் போகிற சுவருக்கு யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. முதல் நாவலுக்கு நாலையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஒரு நல்ல வாசிப்பு அறிக்கையும், கதை நிலைகொண்ட பிறகு ஒரு செம்மையாக்கமும், அச்சுக்குப் பக்கம் கட்டிய பிறகு ஒரு மெய்ப்பும் பலருக்குப் போதும்.

இந்தப் பெயர்களை எல்லாரும் ஒரே பொருளில் சொல்வதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒருவர் செம்மையாக்கம் என்பதை இன்னொருவர் 'காப்பி எடிட்டிங்' என்பார், வேறொருவர் 'செப்பனிடுவது' என்பார். அதனால் பெயரைச் சொல்லிக் கேட்காமல் வேலையை விவரித்துக் கேளுங்கள்.

முன்பு வார இதழ்களில் தொடர்கதையாக வந்து பிறகு புத்தகமான நாவல்கள் அதிகம். வாராவாரம் இதழாசிரியரின் கண் அதில் பட்டுவிடும். இன்று நேராகப் புத்தகமாகவோ மின்னூலாகவோ வருகிற நாவலுக்கு அந்த இடைநிலை இல்லை. எடிட்டிங்கை ஒரு தனிக் கலையாக மதித்து நடத்திய தமிழ்ப் பதிப்பகம் என்றால் பலரும் முதலில் சொல்வது க்ரியாவைத்தான். 1974-இல் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன், கைப்பிரதிகளில் காட்டிய பொறுமை பதிப்புலகில் எல்லாருக்கும் தெரிந்தது. 2020 நவம்பரில் அவர் மறைந்தார். எல்லாப் பதிப்பகத்திலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் பதிப்பகத்துக்குப் போகும் முன்பே நாமாக ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

கொடுப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது

ஆறு வாரம் வரைவைத் திறக்காதீர்கள். வேறு ஏதாவது படியுங்கள், வேறு எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து எடுக்கும்போது பாதிக் குறைகள் உங்களுக்கே தெரியும். நீங்களே காணக்கூடிய குறையைக் கண்டு சொல்ல இன்னொருவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

திரையில் படிக்காமல் அச்செடுத்துப் படியுங்கள். உரையாடல் வருகிற பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் மாதிரியே எல்லாரும் பேசினால் காதுக்கு உடனே தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் ஓர் அத்தியாயப் பட்டியல் போடுங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம்: அத்தியாய எண், எந்த மாதம் அல்லது நாள், யார் கண்ணால் பார்க்கிறோம், என்ன நடக்கிறது, அத்தியாயம் முடியும்போது என்ன மாறியிருக்கிறது. கடைசிக் கட்டம் காலியாக நிற்கிற அத்தியாயங்களைச் சுழித்து வையுங்கள். என் பட்டியலில் வரிசையாக ஆறு அத்தியாயங்களில் அந்தக் கட்டம் காலி. தொய்வு எங்கே என்று அதுவே காட்டிவிட்டது.

இரண்டாவது கட்டத்தை நான் அப்போது போடவில்லை. அதன் விலையையும் சொல்கிறேன். எடிட்டர் கேட்டிருந்தார்: "இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் ஐப்பசி என்று வருகிறது. மழைக்காலத்தில் உப்பு வாருவார்களா?" தூத்துக்குடிப் பக்கம் தை, மாசியில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் உப்பு எடுத்து முடித்துவிடுவார்கள். ஐப்பசியில் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும். இது எனக்குத் தெரியாததில்லை, அந்த ஊரில் வளர்ந்தவன் நான். அத்தியாயங்களை முன்னும் பின்னும் நகர்த்தியதில் உப்பு வாருகிற காட்சி மழைக்காலத்துக்குள் போய் விழுந்திருந்தது. அளத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் அதோடு மூடி வைத்திருப்பார். அதை இன்று நினைத்தாலும் அந்த எடிட்டருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இதெல்லாம் முடித்த பிறகு மூன்று நாலு பேரிடம் படிக்கக் கொடுங்கள். எழுத்தாளர்களாக இருக்க வேண்டியதில்லை, நாவல் படிக்கிறவர்களாக இருந்தால் போதும். வீட்டில் இருப்பவர்களை இதில் சேர்க்காதீர்கள். அவர்கள் உங்களைத்தான் படிப்பார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல், "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் கீழே வைத்திருந்தால் அந்த இடத்தைப் பாருங்கள். இது இலவச வேலை, ஆனால் தொழில்முறை எடிட்டருக்கு மாற்று இல்லை. வாசகருக்கு வலிக்கிற இடம் தெரியும். ஏன் வலிக்கிறது என்று பார்க்கத்தான் எடிட்டர்.

ஆளை எங்கே தேடுவது

விளம்பரத்தில் தேடத் தொடங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த, உங்கள் நாவலுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய பத்துத் தமிழ் நாவல்களை எடுத்து, முன்னால் இருக்கிற பதிப்புப் பக்கத்தையும் எழுத்தாளரின் முன்னுரையையும் படியுங்கள். "கைப்பிரதியைப் படித்துத் திருத்தங்கள் சொன்ன" என்று தொடங்கும் ஒரு நன்றி வரி பெரும்பாலும் இருக்கும். இரண்டு மூன்று புத்தகங்களில் ஒரே பெயர் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சிற்றிதழ் நடத்துகிறவர்கள், நாவல்களை மொழிபெயர்த்தவர்கள், பதிப்பகத்தில் வேலை பார்த்து வெளியே வந்தவர்கள் இவர்களில் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

புத்தகக் காட்சி இதற்கு நல்ல இடம். சென்னையில் பபாசி (பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கம்) நடத்துவது பொங்கலை ஒட்டி வருகிறது. ஈரோட்டில் ஆகஸ்ட். அங்கே போகும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை போகாதீர்கள், அரங்கில் இருப்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வார நாளில் அரங்கு திறந்ததும் போங்கள். கைப்பிரதியைக் கையில் திணிக்க வேண்டாம். "இந்தப் புத்தகத்துக்கு எடிட்டிங் யார் செய்தார்கள், அவர் வெளி வேலை எடுப்பாரா?" என்று கேட்டால் போதும்.

உங்கள் நாவலின் பேச்சுமொழியை அறிந்தவரா என்பதை இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். தமிழ் நாவலுக்கு இது உயிரான விஷயம். நெல்லைச் சீமையின் 'அவுக', 'பைய', 'சோலி' எல்லாம் ஒருவருக்குப் பிழையாகவே தெரியலாம். யாழ்ப்பாணத்தில் நடக்கிற நாவலில் ஒருவர் இன்னொருவரோடு 'கதைக்கிறார்' என்றால் பேசுகிறார் என்று பொருள். அதைக் கதை சொல்வதாக எடுத்துக்கொள்கிறவரிடம் அந்த நாவலைக் கொடுக்கக் கூடாது. அந்த ஊர்க்காரராகவே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் திருத்தாமல் கேட்கிறவராக இருக்க வேண்டும்.

மாதிரிக்குப் பத்துப் பக்கம்

முழு வேலையையும் ஒப்படைக்கும் முன், செம்மையாக்கம் செய்யப் போகிறவரிடம் பத்துப் பக்கம் கொடுத்துச் செய்து தரச் சொல்லுங்கள். அதற்கும் பணம் கொடுங்கள். அவருடைய நேரம் அது. ஒரே பத்துப் பக்கத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். பாதிப் பேச்சு, பாதி விவரிப்பு இருக்கிற பக்கங்களாகத் தேர்ந்தெடுங்கள். உங்களுடைய சிறந்த பக்கங்களைக் கொடுக்காதீர்கள், உங்களுக்கே சந்தேகம் இருக்கிற பக்கங்களைக் கொடுங்கள்.

நான் அப்படி இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒருவர் ஒரே நாளில் திருப்பித் தந்தார். பேச்சில் வந்த 'அவுக' எல்லாம் 'அவர்கள்' ஆகியிருந்தது, "வாரும், உக்காரும்" என்பது "வாருங்கள், அமருங்கள்" ஆகியிருந்தது. இன்னொருவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். அவர் திருத்தியது குறைவு, கேட்டது அதிகம்: "மாரி தன் மாமியாரை ஓரிடத்தில் 'அவுக' என்கிறாள், இன்னோரிடத்தில் 'அவ' என்கிறாள். கோபத்தில் மாறுகிறதா, கை தவறியதா?" கை தவறியதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு, கோபம் வரும்போது மட்டும் மாரி மரியாதையை விடுவாள் என்று நாவல் முழுக்க வைத்தேன். யாரிடம் நாவலைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாசிப்பு அறிக்கைக்கு மாதிரி கேட்க முடியாது. அதற்குப் பதில், எத்தனை பக்கம் எழுதித் தருவார், எதையெல்லாம் பேசுவார், அறிக்கை தந்த பிறகு ஒரு மணி நேரம் நேரிலோ போனிலோ பேச முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரப் பேச்சு சில சமயம் அறிக்கையைவிடப் பயன்படும்.

"நாங்கள் எடிட் செய்தால் பரிசு நிச்சயம்", "பதிப்பகத்தில் சொல்லிப் போட வைக்கிறேன்" என்று பேசுகிறவரை விட்டு விலகிவிடுங்கள். காசு வாங்கி அச்சடித்துத் தரும் தொகுப்பில் 'எடிட்டிங் உள்பட' என்று இருந்தால், நான் சொன்ன நாலில் எது என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் அது ஒருமுறை பிழை பார்ப்பதாகத்தான் இருக்கும்.

பணமும் பேச்சும்

தொகை ஆளுக்கு ஆள் மாறும், அதனால் நான் ஓர் எண்ணைச் சொல்லி உங்களைத் தவறாக நடத்த விரும்பவில்லை. நியாயமா என்று பார்க்க என் கணக்கைச் சொல்கிறேன். 280 பக்க நாவல் என்று வைத்துக்கொள்வோம். கவனமாக ஒருமுறை படிக்க ஏழெட்டு மணி நேரம். குறிப்பு எடுத்துக்கொண்டு மறுமுறை படிக்கப் பதினைந்து மணி. அறிக்கை எழுத ஐந்தாறு மணி. ஆக வாசிப்பு அறிக்கைக்கே கிட்டத்தட்ட முப்பது மணி நேரம் போகும். செம்மையாக்கத்தில் மணிக்கு ஆறு பக்கம் நகர்ந்தால் பெரிது. அப்படிப் பார்த்தால் 47 மணி நேரம். சொல்லப்படும் தொகையை இந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். மிகக் குறைவாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அவ்வளவு நேரம் அவர் உட்காரப் போவதில்லை என்று பொருள்.

சொல் கணக்கில் தொகை என்றால் எந்தக் கோப்பில், எதை வைத்து எண்ணியது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து எழுதினால் கணினி மூன்று சொல் என்று எண்ணும், 'வந்துகொண்டிருந்தான்' என்றால் ஒன்று. செம்மையாக்கத்துக்கு முன்பும் பின்பும் எண்ணிக்கை மாறும்.

ஒப்பந்தம் என்று பெரிதாக வேண்டாம், ஒரு மின்னஞ்சலில் இவை இருந்தால் போதும்: என்ன வேலை, எந்தத் தேதிக்குள், எத்தனை சுற்று, மொத்தத் தொகை, முன்பணம் எவ்வளவு, வேலை பாதியில் நின்றால் என்ன செய்வது, கைப்பிரதியை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. பாதி முன்னால், பாதி முடித்த பிறகு என்பது இரண்டு பக்கமும் நிம்மதி.

கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிறது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும். வேண்டுமானால் பதிவும் செய்துகொள்ளலாம். தேதியிட்ட வரைவுகளையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வையுங்கள்.

அனுப்பும் கடிதம்

கோப்பு ஒரே கோப்பாக, யுனிகோடில் இருக்கட்டும். ஏ4 பக்கம், 12 அல்லது 13 புள்ளி எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி, பக்க எண். வேர்டு அல்லது கூகுள் டாக்ஸில் அனுப்புங்கள், பிடிஎஃப் வேண்டாம். அதில் அவர் ஓரக்குறிப்பு போடுவது சிரமம். கோப்பின் பெயரிலேயே தேதி இருந்தால் பின்னால் எது புதிய வரைவு என்ற குழப்பம் வராது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறேன். 62,000 சொற்கள், 31 அத்தியாயங்கள். இது மூன்றாம் வரைவு, நாலு பேர் படித்திருக்கிறார்கள். நீங்கள் முழுதும் படித்து, கதைப்போக்கு பற்றியும் பாத்திரங்கள் பற்றியும் எழுத்தில் ஓர் அறிக்கை தர வேண்டும் என்று விரும்புகிறேன். வரித் திருத்தம் இப்போது வேண்டாம். பேச்சு நெல்லைச் சீமை வழக்கில் இருக்கிறது. ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் முதல் பத்துப் பக்கமும் இணைத்திருக்கிறேன். உங்களுக்கு நேரம் இருக்குமா, எவ்வளவு நாளாகும், எவ்வளவு தொகை என்று சொல்லுங்கள்."

கதைச்சுருக்கத்தில் முடிவையும் எழுதுங்கள். "முடிவைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று மறைப்பது அட்டைக்குப் பின்னால் போடுகிற வாசகத்துக்குச் சரி. எடிட்டருக்கு முடிவு தெரிந்தால்தான் தொடக்கம் அதைத் தாங்குகிறதா என்று பார்க்க முடியும்.

அவர் ஒப்புக்கொண்ட பிறகு மூன்று கேள்விகள் அனுப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். நான் கேட்டவை: மாரி ஊரைவிட்டுப் போக முடிவெடுப்பது நம்பும்படி இருக்கிறதா? நடுவில் எந்த இடத்தில் ஆர்வம் குறைந்தது? கடைசி அத்தியாயம் தேவையா, முந்தைய அத்தியாயத்திலேயே நாவல் முடிந்துவிட்டதா? கேள்விகளைத் தனித் தாளில் வைத்து, நாவலை முடித்த பிறகு பார்க்கச் சொன்னேன். முதலிலேயே பார்த்தால் அவர் அதையே தேடிக்கொண்டு படிப்பார்.

அறிக்கை வந்த பிறகு

வலிக்கும். எனக்கு ஒன்பது பக்கம் வந்தது, இரண்டாம் பக்கத்தோடு மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் பதில் எழுதாதீர்கள். "கிடைத்தது, நன்றி, படித்துவிட்டு எழுதுகிறேன்" என்ற ஒரு வரி மட்டும் போதும். கோபத்தில் எழுதும் நீண்ட விளக்கம் யாருக்கும் உதவாது. நாவலை விளக்க நீங்கள் ஒவ்வொரு வாசகரின் பக்கத்திலும் உட்காரப் போவதில்லை.

ஒரு வாரம் கழித்து அறிக்கையை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்று போடுங்கள். படித்தவுடனே 'ஆமாம்' என்று தோன்றினால் ஒரு டிக். புரியவில்லை என்றால் கேள்விக்குறி. ஏற்க மனம் வரவில்லை என்றால் வட்டம். டிக் போட்டவற்றில் உடனே வேலை தொடங்கலாம். கேள்விக்குறிகளைப் பேசும்போது கேளுங்கள்.

வட்டங்கள்தான் முக்கியம். அவற்றில் நின்று யோசிக்க வேண்டும். என் அறிக்கையில் "அக்கா பாத்திரம் தேவையில்லை, எடுத்துவிடலாம்" என்று இருந்தது. அக்காவை எடுத்தால் எனக்கு அந்த நாவலே இல்லை. நாலு நாள் அதோடு சண்டை போட்டேன். பிறகு அத்தியாயப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் அத்தியாயத்தில் போன அக்கா இருபத்து நாலில்தான் திரும்பி வருகிறாள். பதினைந்து அத்தியாயம் கண்ணில் படாத ஒருத்தி திரும்பி வந்து அழுதால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? அவள் எதற்கு என்றுதான் தோன்றும். எடிட்டருக்குத் தோன்றியதும் அதுதான். அவர் உணர்ந்த குறை நிஜம், சொன்ன தீர்வு எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அக்காவை எடுக்காமல், நடுவில் இரண்டு சின்னக் காட்சிகளில் அவளைக் கொண்டுவந்தேன். ஒன்றில் அவள் வரக்கூட இல்லை, அவள் அனுப்பிய கருப்பட்டி மட்டும் வருகிறது. திருத்திய வரைவை அனுப்பியபோது இதை ஒரு பத்தியில் எழுதினேன். "இப்போது அவள் இருக்கட்டும்" என்று பதில் வந்தது.

அதனால், ஒரு குறிப்பை நிராகரிக்கும் முன், அவர் எந்தப் பக்கத்தில், எதைப் படித்தபோது இப்படி நினைத்திருப்பார் என்று தேடுங்கள். அந்தப் பக்கம் கிடைத்தால் உங்களுடைய சொந்தத் தீர்வும் அங்கேயே கிடைக்கும். தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், நாவல் உங்களுடையது. ஆனால் முதல் வாசகர்களும் எடிட்டரும் ஒரே இடத்தைக் காட்டினால் விடாதீர்கள்.

திருத்தும் வரிசையும் முக்கியம். பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள்: அத்தியாயங்களை எடுப்பது, நகர்த்துவது முதலில், பாத்திரங்கள் அடுத்தது, காட்சிகள் அதற்கு அடுத்தது, வாக்கியம் கடைசி. எனக்கு ஐந்து மாதம் ஆனது. எடுத்த பக்கங்களை வேறு கோப்பில் போட்டு வையுங்கள், அழிக்க வேண்டாம். என் 120 பக்கத்திலிருந்து ஒரு சிறுகதை பிறகு வந்தது.

செம்மையாக்கமும் மெய்ப்பும்

கதை இனி நகராது என்று ஆன பிறகே இங்கே வாருங்கள். அனுப்பும் முன் நீங்களே ஒரு சுற்று ஓட்டுங்கள். நீச்சல்காரன் உருவாக்கிய இரண்டு இணையக் கருவிகள் இருக்கின்றன: 'வாணி' எழுத்துப்பிழைகளைக் காட்டும், 'நாவி' சந்திப்பிழைகளைக் காட்டும். வட்டாரச் சொற்களையெல்லாம் அவை பிழை என்று காட்டினால் பதற வேண்டாம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

கூடவே ஒரு நடைப்பட்டியல் தயார் செய்து எடிட்டருக்கு அனுப்புங்கள். கோயிலா கோவிலா, அஞ்சா ஐந்தா, பாத்திரங்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், மாற்றக் கூடாத வட்டாரச் சொற்கள், யார் யாரை எப்படி அழைப்பார்கள், எல்லாம் ஒரு பக்கத்தில். இந்த ஒரு பக்கம் எத்தனையோ சண்டைகளைத் தவிர்க்கும். திருத்தங்களைத் தடம் தெரிகிற மாதிரி போடச் சொல்லுங்கள், வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் அதற்கு வசதி இருக்கிறது. ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்து ஏற்க வேண்டும், மொத்தமாக 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்று அழுத்தாதீர்கள்.

மெய்ப்பைப் பக்கம் கட்டிய பிறகு பாருங்கள். தமிழில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. யுனிகோடிலிருந்து வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள்குறி காணாமல் போகும். 'ஔவை' என்பது 'ஒளவை' ஆகி நிற்கும். வரி உடையும்போது ஒற்றெழுத்து மட்டும் அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். இவை எதுவும் உங்கள் கோப்பில் இருக்காது, அச்சுப் பக்கத்தில்தான் முளைக்கும். செம்மையாக்கம் செய்தவரே மெய்ப்பும் பார்ப்பதைவிடப் புதிய கண் நல்லது. அவருக்கு நாவல் மனப்பாடம் ஆகியிருக்கும்.

கையில் பணம் இல்லையென்றால்

இருக்கிற பணத்தை வாசிப்பு அறிக்கைக்குக் கொடுங்கள். முழு நாவலுக்கும் முடியாது என்றால் முதல் 50 பக்கமும் கதைச்சுருக்கமும் அத்தியாயப் பட்டியலும் கொடுத்து, அதற்கு மட்டும் கருத்துக் கேளுங்கள். முதல் 50 பக்கத்தில் இருக்கிற பழக்கங்கள்தான் கடைசி வரை இருக்கும், மீதியை நீங்களே அந்தக் கண்ணோடு பார்க்கலாம். இன்னொரு நாவலாசிரியரோடு கைமாற்றிப் படிப்பதும் நல்ல வழி: அவர் உங்களுடையதற்கு அறிக்கை எழுதட்டும், நீங்கள் அவருடையதற்கு. வாயால் சொல்லாமல் எழுதியே தர வேண்டும், தேதியும் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வரைவுக்கு ஐந்து பக்கம் எழுதிப் பார்த்தால் உங்கள் வரைவும் வேறாகத் தெரியும்.

நன்றிப் பக்கத்தில் எடிட்டரின் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள், சிலர் விரும்புவதில்லை. புத்தகம் வந்ததும் முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். என்னுடையவர் அதையும் பென்சிலோடுதான் படித்தார். பதினோரு இடங்களைக் குறித்து அனுப்பினார். அந்தத் தாள் இரண்டாம் பதிப்புக்காக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.